வண்டிச்சாலை மேல் இருப்புப்பாதை : டார்ஜிலிங் இமாலய இரயில்வேயும் மரபுடைமை என்னும் கருத்தும்

1999ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் டார்ஜிலிங் இமாலய இரயில்வேயை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இருப்புப்பாதை ஒன்று அப்பட்டியலில் இடம்பெற்றது அஃது இரண்டாம் முறை. முந்தைய ஆண்டில் ஆஸ்திரியாவின் செம்மரிங் இரயில்பாதை அப்பெருமையைப் பெற்றிருந்தது. கோயில், கோட்டை, கல்லறை, குகை ஆகியவற்றுக்கு உரியதாக இருந்த ஒரு மதிப்பு இரண்டடி அகலமுள்ள தண்டவாளத்துக்கும் வழங்கப்பட்டமை அக்காலத்தில் பலருக்கு வியப்பளித்தது. ஆனால் அவ்வியப்பினும் கருதத்தக்க சிக்கல் ஒன்று இதனுள் உள்ளது. வழிபாடு நின்றுபோன கோயில் கோயிலாகவே நிற்கும். படை நீங்கிய கோட்டையும் கோட்டையே. வண்டி ஓடாத இருப்புப்பாதையோ பழைய இரும்பாகிவிடும். ஓடுவதே அதன் இருப்பு. அவ்வாறாயின் பாதுகாக்கப்படுவது எது? தண்டவாளமா, எஞ்சினா, கால அட்டவணையா, அல்லது அவற்றை இயக்கும் தொழிலாளரின் கைத்திறனா?

இவ்வினாவுக்கு விடை காண, அப்பாதையின் வரலாற்றை அதனை ஒட்டிச் செல்லும் சாலையின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பது இன்றியமையாததாகும். இந்திய மலை இரயில்வேக்கள் குறித்த நூல்கள் பொறியியல் அருஞ்செயலையும் இயற்கைக் காட்சியையும் விரிவாகப் பேசுகின்றன. சாலையை ஒரு பின்புலமாக மட்டுமே கொள்கின்றன. டார்ஜிலிங்கைப் பொறுத்தவரை சாலை பின்புலம் அன்று. இரயிலைப் பெற்றதும் அச்சாலையே. பின்னர் அதன் வாணிகத்தைப் பறித்துக்கொண்டதும் அதே சாலைதான்.

சாலையின் காலம்

சிக்கிம் அரசர் 1835இல் டார்ஜிலிங் மலைப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர்க்கும் அலுவலர்க்கும் உரிய நலவாழ்வு இடமாக அதனை ஆக்குவதே கம்பெனியின் நோக்கம். 1839 முதல் 1842 வரையில் இராணுவப் பொறியாளர் நேப்பியர் சமவெளியிலிருந்து மலைக்கு ஒரு வழி அமைத்தார். அவ்வழி செங்குத்தானது, காளை வண்டிகளுக்கு ஏற்றதன்று. 1840களில் சோதனையாக நடப்பட்ட தேயிலை, அடுத்த பத்தாண்டுகளில் தோட்டத் தொழிலாக வளர்ந்தபோது, உழைக்கும் மக்கள் நேபாளத்திலிருந்து பெருந்தொகையாக வந்தனர். அம்மக்களுக்கு அரிசியும் தோட்டங்களுக்கு இயந்திரமும் மேலே செல்ல வேண்டும்; தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்க வேண்டும். இத்தேவையிலிருந்தே 1861க்கும் 1869க்கும் இடையில் 'ஹில் கார்ட் ரோடு' எனும் மலை வண்டிச்சாலை பிறந்தது. பெயரே அதன் பயனைச் சொல்லிவிடுகிறது. காளை வண்டி இழுக்கக்கூடிய சரிவில் அது வெட்டப்பட்டது. இச்செய்தி மிகச் சிறியது போலத் தோன்றினும், பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் அதுவே அடிப்படை.

அக்காலத்தில் கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் செல்வோர் சாகிப்கஞ்ச் வரை இரயிலில் சென்று, படகில் கங்கையைக் கடந்து காரகோலாவை அடைந்து, அங்கிருந்து மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் குதிரை வண்டியிலுமாகப் பயணத்தை முடிக்க ஐந்தாறு நாட்கள் ஆயின. 1878இல் வடக்கு வங்காள அரசு இரயில்வேயின் மீட்டர்பாதை சிலிகுரியைத் தொட்டது. கல்கத்தாவுக்கும் மலையடிவாரத்துக்கும் இருந்த தொலைவு ஒரே நாள் பயணமாகச் சுருங்கியது. எஞ்சியது மலை மட்டுமே.

பிரெஸ்டேஜின் கணக்கு

கிழக்கு வங்காள இரயில்வேயின் முகவராகப் பணியாற்றிய பிராங்க்ளின் பிரெஸ்டேஜ் 1878இல் வங்காள அரசிடம் ஒரு திட்டத்தை அளித்தார். வண்டிச்சாலையின் ஓரத்திலேயே தண்டவாளம் பதித்து நீராவி டிராம் ஓட்டலாம் என்பதே அது. அத்திட்டத்தில் இமயத்தின் பனிமுடிகளைப் பற்றிய வருணனையைக் காட்டிலும் அரிசியின் விலைக்கே முதன்மை இருந்தது. சிலிகுரியில் டன் ஒன்றுக்கு 98 ரூபாய் விற்ற அரிசி டார்ஜிலிங்கில் 238 ரூபாய் விற்றது. இடைப்பட்ட தொகை முழுவதையும் காளைகளும் சாலையும் தின்றன என்பது அவர் காட்டிய கணக்கு. லெப்டினன்ட் கவர்னர் ஆஷ்லி ஈடன் அமைத்த குழு திட்டத்தை ஏற்க, 1879 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் நிறுவனத்தார் கட்டுமானத்தை மேற்கொண்டனர்.

பணி நடந்த வேகம் இன்றும் வியப்புக்குரியது. 1880 மார்ச்சில் திந்தாரியா வரை பாதை முடிந்து, வைஸ்ராய் லிட்டன் பிரபு அதில் பயணம் செய்தார். 1880 ஆகஸ்டு 23இல் கர்சியாங் வரையிலும், 1881 ஜூலை 4இல் டார்ஜிலிங் வரையிலும் பாதை திறக்கப்பட்டது. அதாவது 51 மைல் நீளமுள்ள மலைப்பாதை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. நீலகிரி மலை இரயில்வேயோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. 1854இலேயே பேச்சு தொடங்கிய நீலகிரிப் பாதைக்கு 1891இல்தான் முதல் மண் வெட்டப்பட்டது. இடையில் நிறுவனம் நொடித்துப்போய், வேறொரு நிறுவனம் ஏற்று, 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் பாதை அடைந்தது. தூரமோ டார்ஜிலிங் பாதையில் பாதியளவே. இவ்வேறுபாட்டைப் பொறியாளர்களின் திறமைக் குறைவாகவோ மிகுதியாகவோ கொள்வது பொருந்தாது. நீலகிரியில் பாறையை உடைத்துக் குகைவழிகள் அமைத்துப் புதுவழி காண வேண்டியிருந்தது. டார்ஜிலிங்கில் அரசு ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த சாலை காத்திருந்தது. பிரெஸ்டேஜ் நிறுவனத்துக்கு நிலமும் மண்வேலையும் பெரும்பாலும் இலவசமாகக் கிடைத்தன எனலாம்.

தொடக்கத்தில் நிறுவனத்தின் பெயர் 'டார்ஜிலிங் நீராவி டிராம்வே கம்பெனி' என்பது. 1881 செப்டம்பரில் அது 'டார்ஜிலிங் இமாலய இரயில்வே கம்பெனி' என மாற்றப்பட்டது. பெயர் உயர்ந்ததே தவிர, தன்மை மாறவில்லை. கடைவீதிகளின் வாசற்படிகளை உரசிக்கொண்டு, சாலையை இடமும் வலமுமாக மீண்டும் மீண்டும் குறுக்கிட்டுச் செல்லும் அப்பாதை இன்றளவும் ஒரு டிராம்வேயின் குணத்தையே கொண்டுள்ளது.

பின்னோக்கிச் சென்று மேலேறுதல்

காளைக்கு ஏற்ற சரிவு எஞ்சினுக்கு ஏற்றதாக அமையவில்லை. சாலையின் ஏற்றத்தை அப்படியே பின்பற்றிய முதற்பாதை சில இடங்களில் மிகச் செங்குத்தாக இருந்தமையால் எஞ்சின்கள் திணறின. ஆகவே 1882இல் சுக்னாவுக்கும் கயாபாரிக்கும் இடையில் நான்கு வளையங்களும் நான்கு பின்னோட்டத் திருப்பங்களும் அமைக்கப்பட்டன. வளையம் என்பது பாதை தன்னைத்தானே ஒருமுறை சுற்றித் தன் தலைக்கு மேலாகவே கடந்து செல்வது. பின்னோட்டத் திருப்பம் என்பது வண்டி ஒரு முனையில் நின்று, பின்புறமாக மேலேறி, மறுமுனையில் நின்று, மீண்டும் முன்னோக்கி ஏறுவது. வளையத்துக்குப் போதிய இடமில்லாத செங்குத்துச் சரிவில் இதுவே வழி.

இத்திருப்பங்கள் குறித்து வழங்கும் கதை பலரும் அறிந்தது. முன்னேற வழியின்றிப் பிரெஸ்டேஜ் மனம் சோர்ந்திருந்தபோது, முன்னே செல்ல இயலாவிடில் பின்னே வரலாமே என்று அவர் மனைவி கூறினார் என்றும், அச்சொல்லே திருப்பங்களுக்கு வித்தாயிற்று என்றும் சுற்றுலாக் கையேடுகள் கூறும். கதை இனியது, வரலாற்றோடு ஒட்டாதது. பம்பாயிலிருந்து தக்காணம் ஏறும் போர்காட் மலைவழியில் 1863இலேயே பின்னோட்ட நிலையம் இயங்கியது. இரயில்வே முகவராக இருந்த ஒருவர் அதனை அறியாதிருந்தார் என்று கொள்ள இயலாது. மேலும் டார்ஜிலிங் வரை பாதை திறக்கப்பட்ட பின்னரே திருப்பங்கள் அமைந்தன என்பதால், பாதை நடுவழியில் தடைப்பட்டு நின்றதாகச் சொல்லும் கதையின் அடித்தளமே சரிகிறது. கால்கா-சிம்லா பாதையில் பரோக் என்னும் பொறியாளரைப் பற்றியும், பல்கூ என்னும் மலைவாழ் பெரியவரைப் பற்றியும் வழங்கும் கதைகளும் இவ்வகையினவே. மலை இரயில்கள் தமக்கெனத் தலபுராணங்களைப் படைத்துக்கொள்கின்றன. கோயில் வரலாறு ஆராய்வோர் தலபுராணத்தைக் கையாளும் எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

இடப்பெயர்கள் இக்கதைகளைக் காட்டிலும் நம்பத்தக்க சான்றுகள். சூன்பட்டி என்பது சுண்ணாம்புக் காளவாய். திந்தாரியா மூன்று மலைமுகடுகளைக் குறிக்கும். பதாசியா என்பது காற்று வீசும் இடம். கூமுக்கும் டார்ஜிலிங்குக்கும் இடையிலான இறக்கத்தைத் தணிக்க 1919இல் அங்கே பெரியதொரு வளையம் அமைக்கப்பட்டது. பாகலாஜோரா என்பதற்குப் பித்துப்பிடித்த அருவி என்பது பொருள். மழைக்காலத்தில் கரையையும் சாலையையும் அடித்துச்செல்லும் அவ்வோடையின் இயல்பை அங்கு வாழ்ந்த மக்கள் பெயரிலேயே பதிவு செய்திருந்தனர். 2010இல் நிகழ்ந்ததைக் காணும்போது அப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும்.

எஞ்சினும் அதன் மேல் நின்றவர்களும்

நீலகிரிப் பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. டார்ஜிலிங் பாதையில் அத்தகைய துணை இல்லை. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வை மட்டுமே நம்பி வண்டி, சமவெளியிலிருந்து 2,258 மீட்டர் உயரத்தில் உள்ள கூம் நிலையம் வரை ஏறுகிறது. ஈரமும் பனியும் மூடிய தண்டவாளத்தில் உராய்வு குறையும், சக்கரம் வழுக்கும். அதற்கு மாற்றாக அமைந்தது மணல்.

1889 முதல் கிளாஸ்கோவின் ஷார்ப் ஸ்டீவர்ட் நிறுவனம் 'பி' வகை எஞ்சின்களை அனுப்பத் தொடங்கியது. நான்கே சக்கரங்கள், கொதிகலனைத் தழுவிய நீர்த்தொட்டி, மிகக் குறுகிய வளைவிலும் திரும்பும் குட்டையான உடல். பின்னர் நார்த் பிரிட்டிஷ் நிறுவனமும் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனமும் அதே வடிவில் எஞ்சின்கள் செய்தன. மூன்று எஞ்சின்கள் திந்தாரியாப் பணிமனையிலேயே உருவாயின. 1920களின் பிற்பகுதிக்குள் இவ்வாறு சேர்ந்தவை 34. உலகில் வேறெங்கும் அருங்காட்சியகத்தில் மட்டுமே காணக்கூடிய வயதுடைய எஞ்சின்கள் இங்கு நாள்தோறும் கரி தின்று புகை கக்கி ஏறுவது, அவற்றின் வடிவமைப்பு இம்மலைக்கு அத்துணைப் பொருந்தியது என்பதற்குச் சான்று.

ஆனால் அவ்வெஞ்சின் தானாக ஏறவில்லை. ஓட்டுநரும் ஃபயர்மேனும் தவிர, கரித்தொட்டியின் மேல் நின்று நிலக்கரியைச் சிறு துண்டுகளாக உடைப்பவர் ஒருவர். எஞ்சினின் முன்பலகையில் அமர்ந்து, சக்கரம் வழுக்கும் கணத்தில் கையால் தண்டவாளத்தில் மணல் தூவுவோர் இருவர். பெட்டிகளில் கைப்பிரேக்கைத் திருகி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்மேன்கள். ஓட்டுநரின் விசில் ஒலிக்கேற்ப இவர்கள் அனைவரும் இயங்க வேண்டும். மணல் சற்று மிகுந்தால் வண்டி இறுகும், குறைந்தால் நழுவும். இக்கணிப்பு எந்தக் கையேட்டிலும் எழுதிப் பயிலக்கூடியதன்று. பெரும்பாலும் நேபாளி பேசும் மலைவாழ் குடும்பங்களிலிருந்து வந்த இத்தொழிலாளரின் உடலறிவையும் அப்பாதையின் உறுப்பாகவே கருதுதல் தகும்.

பயண நூல்கள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 1896இல் இப்பாதையில் சென்ற மார்க் ட்வைன், இறங்கும்போது கைவண்டியில் சறுக்கிவந்த இன்பத்தை 1897இல் வெளியான தம் பயண நூலில் மகிழ்ந்து எழுதினார். அவருக்குப் பின் வந்தோரும் காஞ்சன்ஜங்காவையும் மேகத்தையும் தேயிலைச் சரிவையும் எழுதினர். 'பொம்மை இரயில்' என்னும் செல்லப்பெயரும் இப்பார்வையிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும். பயணிகளுக்கு அது பொம்மை. ஆனால் 1909-10ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,74,000 பயணிகளையும் 47,000 டன் சரக்கையும் சுமந்த ஒன்றை அப்பெயரால் அழைப்பது அதன் வரலாற்றுக்கு நேர்ந்த முதற்குறைவு.

சாலை திரும்பி வந்தது

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளே இந்நிறுவனத்தின் செழிப்பான காலம். 1897 நிலநடுக்கத்தையும் 1899 புயலையும் தாங்கிய பாதை கிளைவிட்டது. ஒரு கிளை கிஷன்கஞ்சுக்கும் மற்றொன்று தீஸ்தா பள்ளத்தாக்கு வழியே கியேல்கோலாவுக்கும் சென்றன. பின்னது கலிம்போங் வழியாக நடந்த திபெத்தியக் கம்பளி வாணிகத்துக்கு உதவியது. இச்செழிப்புக்கு ஊறு வெளியிலிருந்து வரவில்லை. காளைகள் நீங்கிய வண்டிச்சாலையில் மோட்டார் பேருந்துகள் ஏறத் தொடங்கின. அவை இரயிலைவிட விரைவாக மேலே சென்றன. சாலை வளையங்களைச் சுற்றவில்லை, திருப்பங்களில் நிற்கவில்லை. முன்னர் நிலச்செலவின்றி இடந்தந்த சாலை, இப்போது அதே இடத்திலிருந்தே போட்டியிட்டது. கால்கா-சிம்லா பாதைக்கு நூற்றுக்கு மேற்பட்ட குகைவழிகளோடு கூடிய தனிவழி இருந்தது. ஆகவே அங்கு இரயிலும் சாலையும் ஒன்றையொன்று நெருக்கவில்லை. டார்ஜிலிங்கில் ஒரே மண்திட்டை இரண்டும் பங்கிட வேண்டியிருந்தமையால் சாலையை அகலப்படுத்தும் ஒவ்வொரு முயற்சியும் தண்டவாளத்தை நெருக்கியது.

நாட்டுப் பிரிவினை மற்றொரு திருப்பம். கல்கத்தாவிலிருந்து சிலிகுரி வந்த முதன்மைப்பாதை 1947இல் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் சிக்கியது. அஸ்ஸாமுக்கும் பிற இந்தியாவுக்கும் இருப்புப்பாதைத் தொடர்பே அற்றுப்போன நிலையில், விரைந்து ஓர் இணைப்பு அமைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைகொடுத்தது டார்ஜிலிங் நிறுவனத்தின் கிஷன்கஞ்ச் கிளையே. 1948 அக்டோபர் 20இல் இந்திய அரசு நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. கிளைப்பாதை மீட்டர்பாதையாக மாற்றப்பட்டு 1950இல் நிறைவுற்ற அஸ்ஸாம் இணைப்புப் பாதையில் கலந்தது. அதே 1950இல் தீஸ்தா வெள்ளம் பள்ளத்தாக்குக் கிளையை அழிக்க, அது மீண்டும் அமைக்கப்படவில்லை. இரு கைகளையும் இழந்த நிலையில் மலைப்பாதை மட்டும் எஞ்சியது. 1952இல் வடகிழக்கு இரயில்வேயிலும் 1958இல் வடகிழக்கு எல்லைப்புற இரயில்வேயிலும் அது சேர்க்கப்பட்டது. 1960களில் புதிய ஜல்பாய்குரி வரை நீட்டிக்கப்பட்டு நீளம் 88 கிலோமீட்டர் ஆயிற்று. சரக்கு சிறுகச் சிறுகச் சரக்குந்துகளுக்குப் போயிற்று. எந்த அரிசிக்காகப் பாதை போடப்பட்டதோ அந்த அரிசி அதே சாலையில் பெட்ரோலிலும் டீசலிலும் ஏறியது.

இக்காலத்தில் திரைப்படம் அதற்கு வேறொரு வாழ்வைத் தந்தது. 1969இல் வெளிவந்த 'ஆராதனா' இந்திப் படத்தின் பாடற்காட்சி, டார்ஜிலிங் இரயிலை நேரில் கண்டிராத கோடிக்கணக்கானோர்க்கு அதனை அறிமுகம் செய்தது. நீலகிரி இரயிலுக்கு 'மூன்றாம் பிறை', 'தில் சே' ஆகிய படங்கள் செய்ததும் இதுவே. போக்குவரத்து என்னும் பயன் குன்றிய வேளையில் காட்சி என்னும் பயன் வளர்ந்தமை நோக்கத்தக்கது. 1980களின் பிற்பகுதியில் கூர்க்காலாந்துப் போராட்டத்தின்போது பாதை நீண்டகாலம் மூடப்பட்டிருந்தபோது, அது மீண்டும் திறக்கப்படாமலே போகலாம் என்ற அச்சம் எழுந்தது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் அவ்வாறே நிகழ்ந்திருக்கும்.

மரபுடைமையான பின்

1999ஆம் ஆண்டு ஏற்பு, வழக்கொழியும் நிலையிலிருந்த பாதையைக் காத்தது என்பதில் ஐயமில்லை. 2005இல் நீலகிரிப் பாதையும் 2008இல் கால்கா-சிம்லா பாதையும் அதனோடு இணைக்கப்பட்டு, மூன்றும் 'இந்திய மலை இரயில்வேக்கள்' என்னும் ஒரே சின்னமாக அறியப்படுகின்றன. பல இனமக்கள் வாழும் பகுதியின் சமூக, பொருளாதார வளர்ச்சியில் போக்குவரத்து நிகழ்த்திய மாற்றம், துணிவான பொறியியல் தீர்வு ஆகிய இரண்டுமே ஏற்புக்குக் காட்டப்பட்ட காரணங்கள். இவற்றுள் முதலாவது கருதத்தக்கது. அழகு அன்று, மக்களுக்குப் பயன்பட்டமையே அங்குப் பேசப்படுகிறது.

ஆனால் ஏற்புக்குப் பின் நிகழ்ந்தது வேறு. 2000ஆம் ஆண்டளவில் டீசல் எஞ்சின்கள் வந்தன. சமவெளியிலிருந்து டார்ஜிலிங் வரை செல்லும் நெடும்பயண வண்டியை அவை ஏற்றுக்கொண்டன. நீராவி எஞ்சின்கள் டார்ஜிலிங்குக்கும் கூமுக்கும் இடைப்பட்ட உலா வண்டிகளுக்கு ஒதுக்கப்பட்டன. இயக்கச் செலவை நோக்க இம்முடிவில் பிழை காண்பது எளிதன்று. உலா வண்டியின் வருவாயே பாதையைத் தாங்குகிறது. எனினும் நூறாண்டுக்கு மேல் மலைமுழுதும் ஏறிய எஞ்சின் இன்று பெரும்பாலும் மலையுச்சியில் ஒரு சிறு தொலைவில் சென்று திரும்புகிறது. பள்ளி மாணவரும் சந்தைக்குச் செல்வோரும் ஏறியிறங்கிய பெட்டியில் வெளியூர்ப் பயணியர் அமர்ந்துள்ளனர். ஏற்பின் முதற்காரணமாகக் கூறப்பட்ட சமூகப் பயன் சுருங்க, இரண்டாங் காரணமான பொறியியல் காட்சிப்பொருளாக விரிந்தது.

எஞ்சின்களின் பழமை குறித்தும் ஒரு வினா உண்டு. 1892இல் செய்யப்பட்ட எஞ்சினில் கொதிகலன் மாற்றப்பட்டுள்ளது. சக்கரப்பட்டை, குழாய், தொட்டித் தகடு ஆகியனவும் பலமுறை மாற்றப்பட்டுள்ளன. அது பழைய எஞ்சின்தானா? கட்டடக் கல்லை மாற்றினாலே மெய்ம்மை குன்றும் என்னும் ஐரோப்பியக் கருத்தை ஜப்பானின் நாரா நகரில் 1994இல் உருவான ஆவணம் நெகிழ்த்தியது. பொருளின் பழமையோடு பயன்பாடு, தொழில்மரபு, செய்நுட்பம் ஆகியவற்றையும் மெய்ம்மையின் கூறுகளாக அது ஏற்றது. மரக்கோயில்களைத் தலைமுறைதோறும் புதுப்பிக்கும் நாட்டில் அவ்வாவணம் பிறந்தது இயல்பே. தேர் வடத்தையும் சக்கரத்தையும் மாற்றியும் அதே தேரென இழுக்கும் தமிழ் மக்களுக்கும் இக்கருத்து புதிதன்று. இவ்வளவையால் நோக்கின், உறுப்புகள் மாறிய எஞ்சினுக்கு உயிர் தருவது திந்தாரியாப் பணிமனையின் கைத்தொழிலே. திருச்சிராப்பள்ளியில் உள்ள பொன்மலைப் பணிமனை நீலகிரிப் பாதைக்கென 2010களில் எண்ணெயில் இயங்கும் புதிய 'எக்ஸ்' வகை எஞ்சின்களையும், 2020களில் நிலக்கரியில் இயங்கும் எஞ்சினையும் கட்டியது. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914இல் தொடங்கிய வடிவத்தை ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழகத் தொழிலாளர் தம் கையால் செய்து முடித்தமை, மரபுடைமை என்பது பொருளில் மட்டும் இல்லை என்பதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

2010 ஜூனில் பாகலாஜோராவில் பெருஞ்சரிவு நிகழ்ந்து சாலையும் பாதையும் ஒருசேர அடித்துச் செல்லப்பட்டன. 2011 செப்டம்பரில் சிக்கிம் நிலநடுக்கத்தை ஒட்டித் திந்தாரியாவிலும் மலை சரிந்தது. பாதையின் மேற்பகுதி தன் பணிமனையிலிருந்தே துண்டிக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் ரோகிணி வழியாகவும் பங்காபாரி வழியாகவும் சென்றன. நகர வாழ்க்கை நிற்கவில்லை. இரயிலுக்கு வேறு வழி இல்லை. சாலை சீரமைந்தாலன்றித் தண்டவாளம் பதிக்க இயலாது. சாலைக்கோ மாற்றுவழி கிடைத்துவிட்டமையால் அவசரம் இல்லை. 2015 டிசம்பர் வரை, அதாவது ஐந்தாண்டுகளுக்கு மேல், சமவெளியிலிருந்து டார்ஜிலிங் வரை முழுப்பயணம் நடைபெறவில்லை. 1879இல் செலவைக் குறைத்த அதே ஏற்பாடு இப்போது தன் விலையைக் கேட்டது.

2017 ஜூலையில் மீண்டும் எழுந்த தனிமாநிலப் போராட்டத்தின்போது சோனாதா, கயாபாரி நிலையங்கள் எரிக்கப்பட்டன. மரபுச்சின்னத்துக்குத் தீ வைத்தமை நாடெங்கும் கண்டிக்கப்பட்டது, கண்டனம் சரியே. ஆயினும் அந்நிலையங்கள் மரபுச்சின்னமாக மட்டும் அங்கு நிற்கவில்லை. அவை ஒரு மைய அரசுத் துறையின் கட்டடங்களுமாகும். காளைவண்டிக்காரரின் பிழைப்பை ஒருகாலத்தில் எடுத்துக்கொண்டு, பின் அவர்தம் பேரர்க்கு வேலையும் தந்த பாதை, அம்மக்களுக்கு உறவாகவும் அரசின் முகமாகவும் ஒருங்கே இருந்துவருகிறது. போராட்டம் ஓய்ந்தபின் அதே ஊர்களைச் சேர்ந்த தொழிலாளரே வண்டிகளை மீண்டும் ஓட்டினர்.

இன்று டார்ஜிலிங்கிலிருந்து புறப்படும் உலா வண்டி பதாசியா வளையத்தில் சற்று நிற்கிறது. பயணியர் இறங்கிக் கூர்க்கா வீரர்களின் போர் நினைவுச்சின்னத்தையும், வானம் தெளிந்திருந்தால் காஞ்சன்ஜங்காவையும் படமெடுக்கின்றனர். விசில் ஒலித்ததும் ஏறிக்கொள்கின்றனர். எஞ்சின் கூமை நோக்கி ஏறத் தொடங்குகிறது. முன்பலகையில் அமர்ந்தவர் வாளியிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளித் தண்டவாளத்தில் தூவுகிறார்.